காற்று துணியை மடிப்பதில்லை

முப்பத்தெட்டு வருடம் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கிய ஒருவர், ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சந்தேகத்தை எங்கே இறக்கி வைப்பார்? ஹிராபயாஷி யசுஜியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். ரயில்வேயில் அவருக்குத் தண்டவாளப் பரிசோதனை வேலை. நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலால் திருகாணிகளைத் தட்டி, ஒலியைக் கேட்டு, இறுக்கமா தளர்வா என்று சொல்ல வேண்டும். நேற்று இறுகியிருந்தது இன்றும் இறுகியிருக்கும் என்று அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. அதனால்தான் ஜப்பானில் எங்கள் சினோ மலைப் பகுதியில் ரயில் தடம் புரளவில்லையா என்றால், தெரியாது. நடக்காத விபத்தை யார் எண்ணிப் பார்க்க முடியும்?

ஓய்வுக்குப் பிறகு அவரிடம் இருந்தவை இருபத்திரண்டு போன்சாய் மரங்கள். சந்தேகம் அவற்றின் மேல் திரும்பியது. மரங்கள் மேல் என்பதைவிட, வானத்தின் மேல் என்று சொல்லலாம்.

பழைய நாட்காட்டிப்படி பிப்ரவரி தொடக்கத்தில் வசந்தம் பிறந்ததிலிருந்து எண்ணி எண்பத்தெட்டாம் இரவு வந்துவிட்டால் உறைபனி விடைபெற்றுக்கொள்ளும் என்பார்கள். மே இரண்டாம் தேதி வாக்கில் வரும். அது தெற்கே தேயிலை வளர்க்கிறவர்கள் போட்ட கணக்கு என்பது யசுஜியின் கட்சி. மலையடிவாரத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது என்பார்.

"பனி போயிட்டு வரேன்னுதான்யா சொல்லும். போறேன்னு சொல்லவே சொல்லாது."

வானிலை அறிக்கையையும் அவர் ஏற்கமாட்டார். அவர்கள் வெப்பமானியை ஆள் நெஞ்சு உயரத்தில் வைக்கிறார்கள். மரம் இருப்பது முழங்கால் உயரப் பலகையில். அங்கே நான்கு டிகிரி என்றால் இங்கே பூஜ்யம். இதில் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வசந்தங்களும், கருகிப்போன என் எல்ம் மரமும் தேவைப்பட்டன.

ஏப்ரல் நடுவிலிருந்து அவர் தினமும் மாலையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைப்பார். காலையில் மறுபடி வெளியே. உள்ளேயே விட்டால் வெளிச்சம் போதாமல் கொழுந்துகள் நெட்டையாக ஓடிவிடும். எண்பத்தெட்டாம் இரவு கழிந்தும் இரண்டு வாரம் இது நடக்கும். "யசுஜி காலையில கண்ணாடியைப் பார்த்து, நீ யாருடான்னு கேட்டுட்டுத்தான் மூஞ்சி கழுவுவாரு" என்று எங்கள் போன்சாய் சங்கத்தில் கேலி செய்வோம். அவர் சிரிக்கமாட்டார். யார் சொன்னது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்வார்.

அந்த வருடம் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சின்னத் தொட்டிகளை மனைவி ஃபுசாஎ தூக்கினார். விதையிலிருந்து முப்பத்தோரு வருடம் வளர்த்த மேப்பிளை மட்டும் அசைக்க முடியவில்லை. எங்கள் சங்கத்தின் புதுத்தளிர்க் கண்காட்சிக்குத் தேர்வான மரம் அது. நனைந்த குடையை விரிப்பதுபோல இலைகள் அப்போதுதான் மடிப்பவிழ்ந்திருந்தன. ஓரத்தில் மட்டும் சிவப்பு. யசுஜி அதைச் சுற்றி நான்கு மூங்கில் குச்சி நட்டு, மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டார். துணி இலையில் படக்கூடாது. பட்ட இடத்தில் குளிர் துணி வழியாகவே இறங்கிச் சுட்டுவிடும்.

மே நான்காம் தேதி மாலை, இரண்டு வீடு தள்ளியிருக்கும் மொமொசே கியோதோ மலையில் பறித்த கொழுந்துகளைப் பொரிப்பதற்கென்று கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மேப்பிளும் அதே கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. பந்தலுக்குள் குனிந்து யசுஜியின் மேப்பிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த வருஷம் உன் மரம் என் மரத்தைத் தின்னுடும் போலிருக்கே" என்றார்.

மொமொசேயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கொட்டகைச் சுவரில் ஊரார் வீட்டுச் சாவிகள் ஆணி ஆணியாகத் தொங்கும். வெளியூர் போகிறவர்கள் அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் போய்த் தண்ணீர் ஊற்றுவார். கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் தொட்டி மரம் போய்விடும். அடுத்தவர் மரத்தைத் தொடலாம் என்று ஊரே ஒப்புக்கொண்ட கை அவருடையது ஒன்றுதான். அதைத் தவிர அவருக்குப் பெரிதாகப் பெருமை எதுவும் கிடையாது.

மறுநாள் காலை மேப்பிளின் உச்சியும் வலது தோளும் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின. பந்தல் இல்லை. மூன்று குச்சிகள் நின்றன. நான்காவது பலகையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. துணி பக்கத்தில் மடித்து வைத்திருந்தது.

அன்று மதியம் கண்காட்சி ஏற்பாட்டுக்காக நாங்கள் சமூகக் கூடத்தில் தேநீரும் ஊறுகாய்க் கீரையுமாக உட்கார்ந்திருந்தோம். யசுஜி கடைசியாக வந்தார்.

"நேத்து ராத்திரி என் பந்தலை யாரோ பிரிச்சிருக்காங்க."

"காத்தா இருக்கும்ணே" என்றேன்.

"காத்து துணியைப் பிடுங்கும், பறக்க விடும். நாலா மடிச்சு வைக்குமா?"

யசுஜி மொமொசேயின் முகத்தைப் பார்க்கவில்லை. மொமொசே கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

"யாரைச் சொல்றே?" என்றார் மொமொசே.

"நான் யாரையும் சொல்லல. கடைசியா மரத்துக்கிட்ட நின்னது யாருன்னு யோசிச்சேன். தின்னுடும்னு சொன்னது யாருன்னும் யோசிச்சேன்."

"யோவ், உன் மரத்தைக் கெடுக்கணும்னா எனக்குத் துணி எதுக்குய்யா? போன ஆகஸ்ட்ல நீ மச்சினன் வீட்டுக்குப் போனியே, ஒரு நாள் தண்ணி ஊத்தாம விட்டிருந்தா போதாதா?"

வாதம் சரிதான். ஆனால் சந்தேகத்தோடு கேட்கும் காதில் அது வாக்குமூலம்போல விழுந்தது. அந்த வாரமே இரண்டு பேர் மொமொசேயிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கினார்கள். "மக வந்து பாத்துக்கிறேங்கறா" என்றார் ஒருவர். மகள் இருப்பது நாட்டின் மறுகோடியில், ஃபுகுவோக்காவில். நானும் யோக்கியன் இல்லை. அன்று மாலை என் பந்தல் துணியில் முடிச்சை எந்தப் பக்கமாகப் போட்டேன் என்று மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து யசுஜி என்னைக் கூப்பிட்டார். சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் சேதத்தைப் பார்த்து எழுதி வைக்க வேண்டுமாம். கறுத்தவை அதற்குள் காய்ந்து நொறுங்கத் தொடங்கியிருந்தன. நான் மரத்தைச் சுற்றி வந்தேன். இடது பக்கம் ஒரு இலைகூடக் கெடவில்லை.

"அண்ணே, ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்திருந்தா வானத்தைப் பார்த்த இலை எல்லாமே போயிருக்கணுமே. இது ஒரு பக்கம் மட்டும் போயிருக்கு."

தண்டவாளத்தில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்த கண்கள் அவருடையவை. எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இன்றும் சந்தேகப்படுகிறேன்.

"துணி பட்டிருக்குண்ணே. பந்தலை யாரும் பிரிக்கல. சரிஞ்சு விழுந்திருக்கு."

"விழுந்த துணி எழுந்திரிச்சுப் போய் மடிஞ்சு படுத்துக்கிச்சா?"

சமையலறை ஜன்னல் திறந்தது. ஃபுசாஎ ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார்.

"எந்தத் துணி? வெள்ளைத் துணியா? நான்தான் மடிச்சு வெச்சேன்."

யசுஜி திரும்பினார். "எப்ப?"

"அன்னிக்குக் காலையிலதான். நீங்க சவரம் பண்ணிட்டிருந்தீங்க. ஒரு குச்சி சாஞ்சு, துணி மரத்து மேல விழுந்து ஐஸா ஒட்டியிருந்துச்சு. அப்படியே விட்டா இன்னும் கெடுமேன்னு மெதுவா எடுத்து, குச்சியையும் சாய்ச்சு வெச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே. என்னைத் தவிர ஊர்ல எல்லாரையும் கேட்டீங்க."

"சங்கத்துல நான் பேசினது உனக்குத் தெரியாதா?"

"என்ன பேசினீங்கன்னு வீட்டுல என்னிக்குச் சொல்லியிருக்கீங்க?"

ஜன்னல் மூடிக்கொண்டது. துணி இன்னும் பலகையில்தான் இருந்தது. நாற்பது வருடமாக அந்த வீட்டில் துண்டுகள் மடிக்கப்படும் அதே விதத்தில், விளிம்பு உள்ளே போக மடித்திருந்தது. யசுஜி நான்காவது மூங்கில் குச்சியை எடுத்தார். கயிறு அதிலேயே தொங்கியது, முடிச்சு பாதி அவிழ்ந்து. கட்டியது அவர் கைதான். குச்சியை விரல் முட்டியால் ஒரு முறை தட்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

"என்னண்ணே சொல்லுது?" என்றேன்.

குச்சியைத் தரையில் ஊன்றி, உள்ளே போய்விட்டார்.

நான் சங்கத்தில் நடந்ததைச் சொன்னேன். தலையாட்டினார்கள். "மொமொசே மேல பழி வரக்கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருப்பாங்க, நல்ல மனசு" என்றார் ஒருவர். சந்தேகம் உள்ளே போவதற்கு ஒரு வாக்கியம் போதும். வெளியே வர எத்தனை வேண்டும் என்று நான் படித்த எந்தத் தத்துவ நூலும் சொல்லவில்லை. சாவிகள் ஆணிக்குத் திரும்பவில்லை. யசுஜி தன் வாயால் சொல்லியிருந்தால் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. கண்காட்சியில் அவருடைய மேடை காலியாக இருந்தது. மொமொசேயின் மேப்பிளுக்கு முதலிடம். யாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில் கொட்டகைச் சுவரில் ஆணிகள்தான் அதிகம் தெரிந்தன. ஒரு வருடம் இரண்டு பேரும் எதிரெதிர் ஓரமாகத் தெருவில் நடந்தார்கள். இதை யசுஜியின் வீம்பு என்று நான் எழுதமாட்டேன். கோழைத்தனம் என்று எழுதவும் எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த வருடம் எண்பத்தெட்டாம் இரவுக்கு முந்தின மதியம். மறுநாள் காலை கடும் பனி என்று அறிவித்திருந்தார்கள். நாங்கள் கூட்டம் முடிந்து கூடத்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். யசுஜி அந்த மேப்பிளை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து, தெரு நடுவில் தள்ளிக்கொண்டு போனார். போன வருடம் கருகிய பக்கத்திலும் தளிர் முழுக்க வந்திருந்தது. எங்களைத் தாண்டி, மொமொசே வீட்டு வாசலில் போய் நின்றார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

மொமொசே வெளியே வந்தார். "என்னய்யா இது?"

"மரம்."

"அது தெரியுது. எதுக்கு?"

"ராத்திரி பனி விழும்."

"உன் வீட்டுத் தாழ்வாரத்துக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. ஒரு பக்கம் பிடி."

மொமொசே உடனே பிடிக்கவில்லை. மரத்தைச் சுற்றி வந்தார். தொட்டிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"இலையை எல்லாம் எண்ணிட்டு வந்திருக்கியா? நாளைக்கு ஒண்ணு கொறைஞ்சா ஊரைக் கூட்டுவியா?"

"பிடிய்யா. இடுப்பு வலிக்குது."

பிடித்தார். பலகையில் இறக்கினார்கள். யசுஜி காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனார். துணி கொண்டுவரவில்லை, குச்சி கொண்டுவரவில்லை, எப்படி மூட வேண்டும் என்றும் சொல்லவில்லை.

"வருவான் பாரு" என்றார் மொமொசே எங்களிடம். "விடியறதுக்குள்ள வேலி ஓரமா வந்து நின்னு எட்டிப் பார்ப்பான். எனக்குத் தெரியாதா அவனை?"

மறுநாள் காலை அவர் ஐந்து மணியிலிருந்து வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். எல்லார் கூரையும் வெள்ளையாக இருந்தது. யசுஜி வரவில்லை. ஆறரைக்கு நான் அவரை ரயில் நிலையச் சாலையில் பார்த்தேன். செய்தித்தாள் வாங்க, மொமொசே வீட்டுக்கு எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தார்.

"மரம் என்ன ஆச்சுன்னு பாக்கலியாண்ணே?"

"இன்னிக்கு வண்டி நாலு நிமிஷம் தாமதம்" என்றார், தண்டவாளத்தைப் பார்த்தபடி.

அன்றும் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. மேப்பிள் இப்போதும் மொமொசேயின் பலகையில்தான் இருக்கிறது.