ராஜா உட்கார்ந்த பெஞ்சு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே மண்டபம் கடற்கரையில் ஐஸ் கம்பெனியும் இராமநாதபுரத்தில் மாடி வீடும் கட்டினேன். தொழிலைப் பிள்ளைகளிடம் விட்டபின், அரண்மனைக்கு எதிரே வேப்பமர நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டேன்.

தினமும் சாயங்காலம் அதில் வந்து உட்காருவார் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். சலவைச் சட்டை, மை பூசிய மீசை. ஊர் பார்க்க வருகிறவர்களை, "உள்ள தள்ளி உக்காருங்க" என்று நகர்த்திவிட்டுக் கதை சொல்வார். ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது, அவர்களிடம் "இது ராஜா உக்காந்த பெஞ்சு" என்றார்.

"யோவ், இது நான் போட்டதுல்ல?"

"உங்க பேரைச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாகண்ணே. ராஜான்னா போட்டோ எடுக்குறாக!"

எதையும் கட்டாத மனுஷன் ஓய்வுக்காலத்தை எப்படி இவ்வளவு சந்தோஷமாகக் கழிக்கிறார்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போது நானும் தினமும் போய்க் கதை கேட்கிறேன். ஆனாலும், அங்கே உட்காருகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: பெஞ்சு என்னுடையது. போட்டோவுக்குக் கீழே என் பேரைப் போட வேண்டும்.