முகத்துணியைக் கழற்றிய மலாக்கி

மலாக்கி ஹாலரன் பத்தொன்பது வருடம் எங்கள் தெருவுக்கு ரோந்து போலீஸ்காரன். நானும் அதே ஸ்டேஷன்தான். பிலடெல்பியாவில் எங்கள் ஐரிஷ்காரர்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இறந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவான். பிறகு அங்கே பரிமாறும் பன்றித் தொடைக்கறியை ஒரு பிடி பிடிப்பான். செத்தவரைப் பற்றியே நாலு கதை சொல்லி, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பான்.

“நீ போலீஸா, சாவு வீட்டு மாப்பிள்ளையா?” என்று கேட்பேன்.

“உன் சாவுக்கும் வருவேன்டா மேட்டி. கறி மட்டும் நல்லதா வாங்கி வைக்கச் சொல்லு,” என்பான்.

அப்படி ஒரு ஆளை இனி எங்கே தேடுவது? அவன் போன பிறகு எங்கள் தெருவில் ஒரு சாவும் சாவு மாதிரி இருந்ததில்லை.

1918 அக்டோபரில் விஷக்காய்ச்சல் வந்தது. சாவு வீட்டில் கூட்டம் கூடக் கூடாதென்று உத்தரவு. எங்கள் போலீஸ் வண்டிதான் வீடு வீடாகப் போய்ப் பிணங்களை எடுத்து, குழி வெட்டும் வரை கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் போட்டது. புதைக்கும் வரை இறந்தவரைத் தனியே விடுவது எங்கள் ஜனங்களுக்குப் பெரும் பாவம். துணி வெளுத்துப் பிழைத்த மிஸஸ் டெவ்லினுக்கும் காய்ச்சல் கொதித்தது. ஒரே மகள் ரோஷீன் செத்துக் கிடந்த அறையின் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“கல்லறைக் கொட்டகையில எம்பொண்ணு அனாதையாக் கெடப்பாளா? என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க!”

“நான் உக்காந்துக்கறேம்மா,” என்றான் மலாக்கி. “கூட்டம் கூடாதுன்னுதானே உத்தரவு? ஒத்த ஆள் கூட்டமா?”

சொன்னபடியே, வேலை முடிந்த பிற்பகல்களில் கொட்டகையில் போய் உட்கார்ந்தான். ரோஷீனோடு நிறுத்தவில்லை, அங்கே கிடந்த அத்தனை பேருக்கும் முறை வைத்து உட்கார்ந்தான். ஒருநாள் எட்டிப் பார்த்தால், தொப்பியோடு, காய்ச்சல் தொற்றாமல் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டச் சொன்ன முகத்துணியையும் கழற்றி வைத்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அறிவிருக்காடா உனக்கு? துணியக் கட்டு!”

“தெருக்காரன் வந்திருக்கேன்னு மூஞ்சியக் காட்ட வேண்டாமா? திருடன் மாதிரி மூடிக்கிட்டா உக்கார்றது?”

உட்காரத் தொடங்கிய பதினோராம் நாள் காய்ச்சலில் படுத்தான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஸ்டேஷன் மாடி அறையில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: “மேட்டி, எங்கூட யாருடா உக்காருவா?”

“நான் இருக்கேன்ல,” என்றேன்.

இரண்டு நாளில் போய்விட்டான். அவனையும் அதே கொட்டகையில்தான் கிடத்தினோம். கொட்டகைக்குள் யாரையும் விடாமல் காவல் நிற்கும் வேலை எனக்கு விழுந்தது. மறுநாள் காலையில் மிஸஸ் டெவ்லின் வந்தாள், காய்ச்சல் தேறி, எலும்பும் தோலுமாக.

“உத்தரவு இருக்கும்மா,” என்றேன்.

“புடிச்சு ஜெயில்ல போடு. வெளிய வந்தப்புறம் போட்டுக்க. இப்பத் தள்ளு.”

விலகி வழிவிட்டேன். அவள் வெளியே வந்ததும் ரொட்டிக் கடைக்காரன் போனான். பிறகு பால்காரன். பிறகு மலாக்கி நாலு முறை பிடித்து உள்ளே போட்ட குடிகாரன் ஓடூல். ஒருவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே போவது என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வரிசை தீர்ந்துவிட்டது. ஓடூல் எழுந்து வாசலுக்கு வந்தான்.

“அடுத்த ஆள் இல்ல சார். நீங்க போங்க, வாசல்ல நான் நிக்கிறேன்.”

எனக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், காய்ச்சலை அவர்களிடம் கொண்டுபோக முடியாது. கதவின் கைப்பிடி வரை கை போனது.

“நீயே இன்னும் கொஞ்ச நேரம் இரு,” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். திரும்ப உள்ளே போனான். மலாக்கி கேட்டது என்னைத்தான்.