கதவுக்கு வெளியே தொங்கியவன்

ஜூன் 14, சனிக்கிழமை. துணி துவைத்து உலர்த்திவிட்டு, சாரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து மதியக் காட்சிக்குப் போனேன். விண்வெளியில் தனியே சிக்கிக்கொண்டவனின் கதை. பிழைத்துவிடுவான் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் நரைத்த கொண்டை போட்ட ஒரு பெண்மணி, அவன் கை நீட்டும்போதெல்லாம் "புடிடா, கயித்த புடிடா" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

அவன் கலத்தின் கதவைத் தொடும் நேரத்தில் புரொஜெக்டர் பழுதாகித் திரை இருண்டது. காட்சி ரத்து என்றார் மேலாளர்.

"எப்படியும் பொழச்சிடுவான்மா, கெளம்புங்க."

"அது எனக்குத் தெரியாதா? இன்னும் வெளியதான்யா தொங்குறான்! அவன உள்ள ஏத்திட்டு அப்புறம் என்னப் போவச் சொல்லு."

எழுந்த என்னையும் அவர் விடவில்லை. "நீங்க எங்க சார் போறீங்க, அவன உட்டுட்டு?"

யார் மேல் என்று தெரியாத கோபத்தோடு வீடு வந்தேன். அந்தப் பெண்மணியை இருக்கையிலிருந்து எப்படி எழுப்பினார்களோ. மறுநாள் காலை, பல் துலக்கும் முன்பே, வேறொரு தியேட்டரில் அதே படத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.