தொலேடோவில் திறந்திருந்த கதவுகள்

எனக்கு அப்போது பதினொரு வயது. ஸ்பெயினுக்குப் போகிறோம் என்று தெரிந்ததுமே அயர்லாந்தில் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிவிட்டேன். மட்ரிட்டிலிருந்து ஒரு நாள் தொலேடோ. அங்கே பேராலயம், பழைய யூதத் தொழுகைக்கூடம், மடாலயம், கோட்டை, ஆற்றுப் பாலம், வாள் கடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போட ஒரு பெட்டி.

அன்று காலை, அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்ததாம். அம்மாவின் அப்பா இறந்துவிட்டார். எப்படி ஓடினாலும் தகனத்துக்குப் போய்ச் சேர முடியாது. இரவு சொல்லலாம், பகல் முழுக்கவாவது அவள் சந்தோஷமாகத் திரியட்டும் என்று அப்பா தனியாக முடிவெடுத்தார். ஒன்றை மட்டும் அவரால் விட முடியவில்லை. சாவு விழுந்தால் துடக்கு, அதாவது தீட்டு. துடக்குக்காரர் கோயில் படி மிதிக்கக் கூடாது. மாதா கோயிலும் அவருக்குக் கோயில்தான்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்று தெரிந்தது ஒன்றுதான்: அப்பா என் பட்டியலைக் கெடுக்கிறார்.

பேராலய வாசலில், "லைன் பெரிசு பிள்ளை, பின்னேரம் வருவம்" என்றார். லைனில் நான்கு பேர் நின்றார்கள். எண்ணிச் சொன்னேன். காதில் விழாதவர்போல் நடந்தார். கோட்டைக்குள் இரண்டு மணி நேரம் நின்றோம். வாள் கடையில் அவரே ஒரு வாளைத் தூக்கிப் பார்த்தார். தொழுகைக்கூடத்தின் முன்னால் வந்ததும், "உள்ளுக்கை திருத்த வேலை நடக்குதாம்" என்றார். அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க ஸ்பானிய மொழியும் தெரியாது.

"ரிக்கெற் எடுக்கோணுமெண்டா உன்ரை அப்பாவுக்குக் கால் எழும்பாது," என்று அம்மா சிரித்தார்.

பாலத்தில் அப்பா படம் எடுத்தார். "இன்னும் கொஞ்சம் சிரியும்," என்று அம்மாவிடம் கேட்டார். காற்றில் பறக்கும் சால்வையைப் பிடித்தபடி அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் அந்தப் படத்தை என்னால் இன்றும் பார்க்க முடியாது. அவர் நல்லதை நினைத்துத்தான் செய்தார் என்கிறார்கள். இருக்கட்டும். தகப்பன் செத்த நாளில் ஒருத்தியிடம் கேட்டுச் சிரிப்பு வாங்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தது? அழுவதா, சிரிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அம்மா.

கடைசியாக மடாலயம். கதவு அகலத் திறந்து கிடந்தது. ஒரு குடும்பம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"பூட்டிப்போட்டாங்கள்," என்றார் அப்பா.

"பொய்!" என்று தெரு கேட்கக் கத்தினேன். "நீங்கள் காலமை தொடக்கம் பொய் சொல்லுறியள்!"

"சத்தம் போடாதை பிள்ளை."

நான் தாளை விரித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கோட்டை போனது. பாலம் போனது. வாள் கடை போனது. கோயில் மாதிரி இருக்கிற மூண்டுக்கும் மட்டும் போகேல்லை. ஏனெண்டு கேளுங்கோ அம்மா!"

அம்மாவின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பாவைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினார்.

"ஆர்?" என்று அம்மா கேட்டார்.

யார் என்ற அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் பொய் பிடிபட்டது என்பது மட்டும் விளங்கியது. வென்றுவிட்டேன் என்று நினைத்து, டிக்கெட் ஜன்னலை நோக்கி முதல் ஆளாக நடந்தேன்.