பெயின்ட் வாளியில் காய்த்த காந்தாரி

ஈரச் சிமென்ட், துணி சோப்பு, யாரோ தாளிக்கும் கடுகு... மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு மாடி நடையில் காலை வேளையில் இந்த வாசனையெல்லாம் கலந்து நிற்கும்.

எல்லாம் ஒற்றை அறை வீடுகள். கதவைத் திறந்தால் நடை. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். கல்யாணமாகி ஊத்தங்கரையிலிருந்து வந்த புதிது எனக்கு. நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிஃப்ட்.

கம்பெனியில் எனக்குப் பக்கத்து சீட் ஒரு நாகர்கோவில் பெண். லீவுக்குப் போய் வந்தவள் டிபன் பாக்ஸில் காந்தாரி மிளகாய் கொண்டு வந்தாள். பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. ஒன்றைக் கடித்தேன்... காது வரை எரிந்தது! இத்தனூண்டு காய்க்குள் இவ்வளவு நெருப்பா என்று அசந்துபோய், பழுத்த ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். அதன் விதையைப் போட்டால் முளைக்குமா என்று ஒரு ஆசை.

அதுவரை நான் செடி எதுவும் வளர்த்ததில்லை. எங்கள் அப்பா டெய்லர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் வளர்ந்தவள் நான்.

தயிர் டப்பாவில் விதைத்தேன். பாசத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றியே முதல் நாற்றுகளை அழுக விட்டேன். அடுத்த தடவை பிழைத்தது ஒன்றே ஒன்று. காலி பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு அதை மாற்றி நட்டேன்.

ஓட்டை வழியாகத் தண்ணீர் கீழே சொட்ட, வீட்டு ஓனரம்மா தன் தெலுங்குத் தமிழோடு மாடியேறி வந்துவிட்டார். "ஏம்மா கலா, நீள்ளு பூரா என் துணி மேல படுது. செடி வேணாங்கல. அடில ஒரு தட்டு வையி."

தட்டு வைத்தேன். ஆனால் வெயிலுக்கு என்ன செய்வது? நடையின் ஒரு கோடியில் இறங்கி, மெல்ல நகர்ந்து, மறு கோடியில் போய்விடும். அந்த நேரத்தில் நான் கம்பெனியில் இருப்பேன்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காதான் கை கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் சந்தை சந்தையாகப் போய்த் துணி விற்பவர். அக்கா வீட்டிலேயே பிரியாணி ஆர்டர் எடுப்பார். "நீ போ கண்ணு, நான் நகத்தி வெச்சுக்கறேன்" என்றார். அரிசி ஊறும் நேரம், கறி வேகும் நேரம் பார்த்து வாளியை வெயிலின் பின்னாலேயே நகர்த்துவார்.

செடி இடுப்பளவு வந்தது. பூத்தது. காய் பிடிக்காமல் பூவெல்லாம் உதிர்ந்தது.

அக்கா போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, மறுபடி பூத்த கொத்தை விரலால் மெல்லச் சுண்டினார். "இந்த மாடிக்குத் தேனீ எங்கடி வரப் போவுது? நாமளே தேனீன்னு வெச்சுக்க வேண்டியதுதான்."

அது கொரோனா காலம். கொஞ்ச நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சியை அவர் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்பேன். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் வாசனையும் ருசியும் கூடவே போய்விட்டன.

"ஏலக்காய நசுக்கி மூக்குலயே தேய்ச்சுப் பாத்துட்டேன்டி. ஒண்ணுமே இல்ல. சோறு வாயில மண்ணு மாதிரி இருக்குது."

தானாகத் திரும்பி வரும் என்றார் டாக்டர். எப்போது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அக்கா ஆர்டர் எடுப்பதை நிறுத்தினார். நான் உப்பு பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "கை என்னுது, நாக்கு உன்னுதுன்னா சமையல் எப்படிடி வரும்?" என்றார். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். வளையல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு இளைத்துப் போனார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

வாளியை மட்டும் விடாமல் நகர்த்திக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "கலா! ஓடி வா! காய் நிக்குதுடி!" என்று சத்தம். காந்தாரி தொங்காது, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பச்சையாக ஒன்றே ஒன்று! நடை வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அது முற்றட்டும் என்று காத்திருந்து, பறித்து அக்கா கையில் வைத்தேன்.

"எனக்கு எதுக்குடி? ருசி தெரியாதவளுக்குக் குடுத்து வீணாக்கற."

ஆனாலும் என் முகத்துக்காக வாயில் போட்டுக் கடித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் மென்றார்... கண் மெல்ல விரிந்தது.

"எரியுது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு கத்தினார். "எரியுதுடி கலா! யா அல்லாஹ், நாக்கு எரியுதுடி!"

கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை. அவர் வீட்டுக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"வேணாங்க. கொஞ்ச நேரம் எரியட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காரம் ருசியில் சேர்த்தி இல்லை, அது வேறு நரம்பு வழியாகத் தெரிவது என்று டாக்டர் பிற்பாடு விளக்கினார். அது புரிந்த பிறகும் அந்த ஆச்சரியம் எனக்குக் குறையவில்லை. ஒரு பிடி மண், ஒரு கீற்று வெயில்... அதற்குள்ளிருந்து அப்படி ஒன்று!

அன்று அக்கா ரொம்ப நாளைக்குப் பிறகு தட்டைக் காலி செய்தார். அதன்பின் காய்க்கிற காயெல்லாம் அவருக்குத்தான். வாசனை மெதுவாகத்தான் திரும்பியது. முதலில் வந்தது மீன் கழுவிய தண்ணீர் நாற்றம். ஒரு நாற்றத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. அப்புறம் ஏலக்காய் வந்தது, பட்டை வந்தது, பிரியாணியும் வந்தது.

இப்போது பாகலூர் பக்கம் சொந்த வீடு. மொட்டை மாடி முழுக்க க்ரோ பேக். நாள் முழுக்க வெயில், சொட்டுநீர்ப் பைப். காந்தாரியைவிடக் காரமான பேய் மிளகாய்கூடக் காய்க்கிறது. அக்கா கிருஷ்ணகிரியில் மகள் வீட்டோடு இருக்கிறார். விசேஷ நாளில் போனில் பேசிக்கொள்வோம்.

இன்றைக்குக் காலையில் ஒரு முறம் நிறையப் பறித்தேன். பழுத்ததும் பச்சையுமாக அவ்வளவு அழகு... யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. முறத்தோடு கீழே வந்து வாசல் கதவைத் திறந்தேன். எதிரே காலி மனை.