அருளம்பலத்தின் இடுப்பளவு

வேலணையில் அருளம்பலத்தை அறியாதவர்கள் இருந்தாலும் அவர் வீட்டுக் குசினியை அறியாதவர்கள் குறைவு. ஊர்காவற்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அரை ஆயுள் பஸ் ஓட்டி இளைப்பாறிய மனிதர். ஆள் நெடுவல், பஸ்ஸுக்குள் நிமிர்ந்தால் தலை கூரையில் முட்டும். பிரான்சில் இருக்கும் மகன் சஞ்சீவன் வீடு திருத்தப் பணம் அனுப்பியபோது அதில் பெரும்பங்கைக் குசினிக்குள்ளேயே கொட்டினார் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதில் பிழையில்லை.

மேடை முழுக்கக் கறுப்புக் கல். தள்ளிவிட்டால் சத்தமில்லாமல் தானாகவே மூடிக்கொள்ளும் லாச்சிகள். அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சி வெளியே அனுப்பும் மெசின் ஒன்று. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்ரிக் தாளைக்கூட அவர் அதிலிருந்து உரிக்கவில்லை, உரித்தால் பழசாகிவிடுமாம். வருகிறவர்களை முதலில் கூட்டிக்கொண்டு போய் அந்த மெசினைத்தான் காட்டுவார். அது ஓடி ஒருவரும் கண்டதில்லை.

ஏனென்றால் அங்கே சமையல் கிடையாது. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கலாம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் புதுவீடு கட்டுகிற முக்கால்வாசிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. பார்க்க ஒரு குசினி, சமைக்க ஒரு குசினி. பார்க்கிற குசினிக்குப் பணமும் யோசனையும் போகும். சமைக்கிற குசினிக்கு மிச்சக் கல்லும் மிச்சச் சீமெந்தும் போகும். அருளம்பலமும் வீட்டின் பின்சுவரோடு ஒட்டி, தகரம் போட்டு, மிச்சக் கல்லில் ஒரு பொந்து கட்டினார். மீன் பொரிப்பது, குழம்பு தாளிப்பது, பெருநாளுக்குப் பலகாரம் சுடுவது எல்லாம் அந்தப் பொந்துக்குள்தான்.

அதைக் கட்டிய மேசன் பத்திநாதர், ஊர்காவற்துறைக்காரர். கட்டும்போது அருளம்பலத்தின் மனைவி சறோஜினிதேவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, கதவை வெளியால திறக்கிற மாதிரிப் போட்டா நல்லம். உள்ளால திறந்தா அடுப்போட வந்து முட்டும். ஒரு ஜன்னலும் வேணும். தாச்சியை இறக்கி வைக்கப் பக்கத்தில ஒரு தட்டும்..."

"வெளியால திறக்கிற கதவைச் சோளகக் காத்து ஒரே நாளில பிடுங்கிக்கொண்டு போயிடும். ஜன்னல் வச்சாக் காத்தடிச்சு அடுப்பு நூரும்," என்றார் அருளம்பலம். "நீர் சமையலைப் பாரும். கட்டுறதை நாங்கள் பாக்கிறம்."

"மேடை எவ்வளவு உயரம் அண்ணை?" என்று பத்திநாதர் கேட்டார்.

அருளம்பலம் நிமிர்ந்து நின்று, கையை மட்டமாகத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினார். "இவ்வளவு."

தன் வாழ்நாளில் ஒரு முட்டை பொரித்தறியாத மனிதர் தன் இடுப்பை அளவாகக் கொடுத்தார். சமைக்கப்போகிறவர் அவர் தோளுக்கும் எட்டாத உயரம். சறோஜினிதேவி மேடை கட்டி முடிந்ததும் எங்கிருந்தோ ஒரு பனைமரப் பலகையைக் கொண்டுவந்து அடுப்படியில் போட்டார். அன்றுமுதல் அதன்மேல் ஏறி நின்றுதான் சமையல். அருளம்பலம் அந்தப் பலகையைத் தினமும் கண்டார். அது அங்கே ஏன் கிடக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு பெருநாள் ஒழுங்காக நடந்ததில்லை. முதல் தீபாவளிக்கு முறுக்கெல்லாம் கருகியது. ஜன்னல் இல்லாத இருட்டில் எண்ணெயில் கிடப்பது பொன்னிறமா கரிநிறமா என்று யாருக்குத் தெரியும்? சித்திரை வருசத்துக்குப் பாயசப் பானையை இறக்கி வைக்க இடமில்லாமல் சறோஜினிதேவி நிலத்தில் வைத்தார். புது வேட்டியோடு உள்ளே வந்து அதற்குள் கால் வைத்தவர் வேறு யாருமில்லை, அருளம்பலமேதான். நல்லகாலம், பாயசம் ஆறியிருந்தது. இன்னொரு முறை பலகை ஆடி, வடைக்கு அரைத்த உழுந்து சட்டியோடு சரிந்தது. அருளம்பலம் இதையெல்லாம் பகிடிக் கதையாக்கி வருகிறவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். சறோஜினிதேவியும் பக்கத்தில் நின்று சிரிப்பார்.

பகிடி ஒருபுறம் இருக்க, காரணம் என்னவென்று அருளம்பலம் முடிவு கட்டியிருந்தார்: கண்ணூறு. பக்கத்து வளவு அம்பிகை வேலிக்கு மேலால் பார்த்துவிட்டாள். "குசினியைக் கண்ட நாளிலயிருந்து அவவுக்கு வயித்தெரிச்சல்," என்பார். ஒவ்வொரு சேதத்துக்குப் பிறகும் செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டு சுற்றி, அதே அடுப்பில் போடுவார்கள். கண்ணூறு இருந்தால் மிளகாய் கமறாது, இல்லாவிட்டால் கமறும் என்பது கணக்கு. புகை போக வழியில்லாத அந்தப் பொந்தில் மிளகாய் கமறிய கமறலுக்கு மாட்டுக் கொட்டிலில் நின்ற பசுவே தும்மியது. அப்படியானால் கண்ணூறு இல்லை, குழப்பம் வேறெங்கோ இருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். ஒருவரும் யோசிக்கவில்லை. அம்பிகையோடு பேச்சுவார்த்தையைக் குறைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

சறோஜினிதேவி பலகாரம் சுடும்போது கதவைச் சாத்தி உள்ளே கொண்டி போட்டுவிடுவார். அருளம்பலம் அதைக் கண்ணூற்றுக்காக என்று நினைத்திருந்தார். கதவு தன் முழங்கையில் வந்து அடிக்காமல் இருக்கத்தான் மனைவி கொண்டி போட்டார் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

போன தீபாவளிக்கு முதல்நாள். வானம் மூடி, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சஞ்சீவனோடு பாரிசில் ஒரே வீட்டில் இருந்த பொடியன் மனைவியோடு ஊருக்கு வந்திருந்தான். திரும்பிப் போகும்போது சஞ்சீவனுக்கு அரியதரம் கொடுத்துவிட வேண்டும். அரியதரம் மற்றப் பலகாரம்போல் இல்லை. எண்ணெய்ச் சூடு கொஞ்சம் ஏறினால் கருகும், கொஞ்சம் இறங்கினால் கரைந்தே போய்விடும். பக்கத்தை விட்டு அசைய முடியாது. சறோஜினிதேவி பலகையில் ஏறி நின்று சுட்டுக்கொண்டிருந்தார். ஈர விறகு. புகை முட்டி மூச்சுத் திணறியது. அன்றைக்கு மட்டும் இறங்கிப் போய்க் கொண்டியை எடுத்து, கதவைக் கொஞ்சம் நீக்கிவைத்துவிட்டு வந்தார்.

முன்பக்கத்தில் அருளம்பலம் அந்தப் பொடியனுக்கும் மனைவிக்கும் புகை உறிஞ்சும் மெசினைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அன்ரி எங்க?" என்று பொடியனின் மனைவி கேட்டாள்.

"பின்னுக்கு நிக்கிறா. இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி போடச் சொல்லுறன்."

பின்குசினிக் கதவு மழைக்கு ஊறி நிலத்தோடு இறுகியிருந்தது. பஸ் கதவைத் தள்ளிப் பழகிய தோளால் ஒரே தள்ளாகத் தள்ளினார். கதவு போய் எண்ணெய்த் தாச்சியின் காதில் அடித்தது. சறோஜினிதேவிக்குப் பின்னால் கால் வைக்க நிலமில்லை, பலகை மட்டும்தான். விழாமல் இருக்க வலக்கையை முன்னால் நீட்டினார். கொதியெண்ணெய் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஊற்றியது.

அலறல் கேட்டு வேலியைப் பிரித்துக்கொண்டு முதலில் ஓடிவந்தவள் அம்பிகை. அருளம்பலம் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அம்பிகைதான் சறோஜினிதேவியைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் அள்ளி அள்ளிக் கையில் ஊற்றினாள். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் கை இதைவிட மோசமாகப் போயிருக்கும் என்று பிறகு யாழ்ப்பாணத்தில் டொக்டர் சொன்னார்.

அம்புலன்ஸ் பண்ணைப் பாலத்தில் போகும்போது சறோஜினிதேவி கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அடுப்பை நூத்தனீங்களோ?"

அருளம்பலம் ஆயிரம் தரம் பஸ் ஓட்டிப் போன பாலத்தில் அன்று ஒரு பயணியாக இருந்து அழுதார். தன் தோள்தான் கதவைத் தள்ளியது. அதற்கு முன் தன் வாய்தான் கதவு உள்ளால் திறக்கட்டும் என்றது. இதில் எதை அழித்தால் மற்றது அழியும் என்று தெரியாமல் அழுதார்.

புண் ஆறியது. தோல் இழுத்துக்கொண்டதில் வலக்கை விரல்கள் பாதி மடிந்தபடி நின்றுவிட்டன. ஆசுப்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் அருளம்பலம் பக்கத்தில் இருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடுவார். "இண்டைக்கு நேத்தையைவிட விரியுது," என்பார். சறோஜினிதேவி "ஓம்" என்பார்.

சமையல் அருளம்பலத்தின் தலையில் விழுந்தது. முதல் வேலையாக முன்குசினி மெசினின் பிளாஸ்ரிக் தாளை உரித்தார். பொத்தானை அமத்தியதும் புகை முழுவதும் ஒரு மூச்சில் மேலே போய்விட்டது. அவ்வளவு இலகுவாகப் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி இருமிக்கொண்டு நின்ற வருடங்களில் இது இங்கே சும்மா தொங்கியது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அன்றைக்குச் சோறு பிந்தியது.

தைப்பொங்கல் கழிந்த கையோடு அலவாங்கை எடுத்துப் பின்குசினியைத் தானே இடித்தார். நடுச்சுவரையும் இடித்து, பத்திநாதரைக் கூப்பிட்டு, இரண்டையும் ஒரே குசினியாக்கினார். இந்த முறை சறோஜினிதேவியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினார்.

"நீர் சொல்லும். எவ்வளவு உயரம்?"

சறோஜினிதேவி சொன்னார். அவர் சொன்ன இடத்தில் பத்திநாதர் கரியால் கோடு போட்டார். கறுப்புக் கல்லைக் கழற்றி அந்தக் கோட்டுக்குத் தாழ்த்திப் பதித்தார்கள். கிழக்கே அகல ஜன்னல். அடுப்புக்கு இரு பக்கமும் தாச்சி இறக்கத் தட்டு. கதவு வெளிப்பக்கம் திறந்தது. சுவரில் ஒரு கொக்கி வைத்து அதை மாட்டிவிட்டார்கள், சோளகமும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கொக்கி! அன்றைக்கே அதை யோசித்திருக்கலாம்.

எல்லாம் முடிந்த அன்று சறோஜினிதேவி நிலத்திலேயே நின்று அடுப்பை மூட்டினார். பலகை தேவைப்படவில்லை. தாச்சியில் எண்ணெய் விட்டார். கரண்டியை எடுத்தார், அது விரல்களுக்குள் நிற்கவில்லை. இன்னொரு தரம் எடுத்தார். விழுந்தது. இடக்கையால் அடுப்பை நூத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"போகப் போகச் சரிவரும்," என்றார் அருளம்பலம். அவர் அதை மெய்யாகவே நம்பினார். நம்பாமல் இருக்க அவரால் ஏலவில்லை.

இப்போது வேலணையில், மண்கும்பானில் யார் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினாலும் அருளம்பலம் சைக்கிளில் போய் நிற்கிறார். கதவை வெளியால் போடு, சமைக்கிற ஆளைக் கூப்பிட்டு அளவெடு, காட்டுற குசினியும் கறி வைக்கிற குசினியும் ஒன்றாய் இருக்கட்டும் என்கிறார். சிலர் கேட்கிறார்கள். சிலர் கிழவனுக்கு வேறு வேலையில்லை என்கிறார்கள். அம்பிகை வீட்டுக்கும் போய்ப் படலையில் நின்று, "நான் உம்மைப் பிழையா நினைச்சிட்டன் பிள்ளை," என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி கொடுத்தாள்.

சித்திரை வருசத்துக்கு முதல்நாள் அருளம்பலம் அரியதரம் சுட்டார். சறோஜினிதேவி ஜன்னலடியில் கதிரையில் இருந்து, இப்ப போடுங்கோ, இப்ப திருப்புங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியின் உயரத்துக்குக் கட்டிய மேடை. நெடுத்த மனிதர் அதன்மேல் கூனி நின்றார். ஒவ்வொரு ஈடும் எடுத்த பிறகு, யாரும் காணாதபடி ஒரு கை இடுப்புக்குப் போய் வந்தது.

புதுக்குசினிக் கூரையின் ஒழுக்கைப் பார்க்கப் பத்திநாதர் வந்திருந்தார். சறோஜினிதேவி அவரைக் கூப்பிட்டார்.

"பத்திநாதர், இந்த மேடையைக் கொஞ்சம் உயர்த்திவிடுங்கோ. இவருக்கு இடுப்பு ஏலாமல் கிடக்கு."

பத்திநாதர் திகைத்தார். "அக்கா, முந்தி இருந்த உயரத்துக்கோ?"

"ஓம்."

"வேண்டாம்!" அருளம்பலம் கரண்டியோடு திரும்பினார். "இது உமக்குக் கட்டினது. கை சரிவந்தாப் பிறகு நீர் நிண்டு சமைக்கிறதுக்கு."

"கை வராது," என்றார் சறோஜினிதேவி. கோபமில்லாமல், ஏதோ மழை வராது என்பதுபோல் சொன்னார். "எனக்குத் தை மாசமே தெரியும். நீங்கள் ஆசையாக் கட்டினீங்கள் எண்டு பேசாமல் இருந்தனான். உங்கட இடுப்பும் போனா எங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

"என்ர இடுப்பு நோகுதெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? நேத்து நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்டதைக் கண்டனான்."

நேற்றுக் கண்டதை இன்றைக்குச் சொல்லிவிட்டார். அருளம்பலத்துக்கு அந்தப் பனம்பலகை நினைவுக்கு வந்தது. தினமும் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தது, ஒருமுறை கால் தடக்கியபோது அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் போனது, எல்லாம் வந்தது. வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடிந்த அந்த விரல்களைப் பார்த்தார். அவை விரியப்போவதில்லை என்று அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது.

"சரி, உயர்த்துங்கோ," என்றார்.

"எவ்வளவு அண்ணை?" என்று கேட்டார் பத்திநாதர்.

அருளம்பலத்தின் கை எழவில்லை. முன்பு ஒருமுறை அதே கேள்விக்கு எவ்வளவு லேசாக எழுந்த கை! சறோஜினிதேவி கதிரையை விட்டு எழுந்து வந்தார். இடக்கையை மட்டமாகக் கணவனின் இடுப்பில் வைத்தார்.

"இவ்வளவு," என்றார்.