கதவுக்காரர்களின் கிரகம்

அண்ணி காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று மத்தியானம், வந்தவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணன் எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டான். அசதியாக இருக்கும், தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் மத்தியானமும் கதவு திறக்கவில்லை. அறைக்குள்ளேயே குளியலறை இருக்கிறது, தண்ணீருக்குக் கவலையில்லை. ஆனால் அந்த அறைக்குப் பின்னால் ஒரு பால்கனியும் இருக்கிறது. ஐயப்பன்தாங்கலில் அவன் வீடு மூன்றாவது மாடி. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஆட்களுக்குச் சாத்தின கதவைக் கண்டால் பொறுக்காது. ஆவடியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது சண்டை என்று அர்த்தம். எதுவானாலும் போய்த் தட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கத்த வேண்டும். கையில் ஒரு கிண்ணத்தில் எதையாவது ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். திறக்காவிட்டால் பக்கத்து பிளாக்கிலிருந்தும் ஆள் கூட்டி வந்து தட்ட வேண்டும்.

அண்ணன் கதவுக்கும் அதே மரியாதைதான் நடந்தது. அம்மா ரசம் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் படுத்துக்கோடா கண்ணு" என்று கெஞ்சினாள். குமணன்சாவடியிலிருந்து வந்திருந்த மாமா உள்ளங்கையால் அறைந்தார். "நாங்கல்லாம் கீறோம்ல மாப்ள, உனக்கு இன்னா கொறை? தொற!" எதிர் வீட்டம்மாவும் வந்து, "எல்லாம் சரியாப் பூடும் தம்பி" என்றார்.  மாமா இரண்டாம் முறை அறைந்தபோது, பால்கனிக் கதவின் தாழ் விலகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சென்னீர்குப்பத்தில் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார், கூட்டி வந்து கதவை அறுத்துவிடலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

 பின்கதவு இப்படித் திறப்பது எனக்குப் புதிதில்லை. உடைத்தால் என்ன ஆகும் என்பதை நானும் அண்ணனும் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறோம், வேறொரு கிரகத்தில்.

சிரிக்க வேண்டாம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, சுமக்கச் சோம்பல்பட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதில் ஒரு விண்வெளி விளையாட்டு இருந்தது. சுடுவது கிடுவது எதுவும் கிடையாது. கப்பலை ஓட்டிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போய், அங்கே வாழ்கிறவர்களோடு பழக வேண்டும். செய்ய வேண்டியதை இங்கிலீஷில் டைப் அடிக்க வேண்டும். எப்படி ஆடுவது என்று சொல்லும் கையேடு எங்களுக்கு வரவில்லை. இன்றைக்கு இணையத்தில் தேடினாலும் யாரோ போட்ட ஒரு மங்கல் படம்தான் கிடைக்கிறது. அதை எழுதின புண்ணியவானுக்கே மறந்திருக்கும்.

அண்ணன் கேப்டன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பான். நான் டைப் அடிக்கிறவள். "ஃப்யூலு எவ்ளோ கீது?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். திரை மூலையில் எரிபொருள் அளவைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்.

ஒரு கிரகத்தில் கடலுக்கடியில் வாழ்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போடுவார்கள். நம்மோடு பேசலாமா என்பதற்கு ஓட்டு, வணக்கம் சொல்லலாமா என்பதற்கு இன்னொரு ஓட்டு. அவர்களிடம் எங்கள் குவார்ட்டர்ஸ் சங்கக் கூட்டம் தோற்றது. இன்னொரு கிரகத்து வியாபாரிகள் தங்களுக்குப் பிடித்த பொருளை விற்கவே மாட்டார்கள். நாம் எதையாவது புகழ்ந்துவிட்டால் உடனே அதை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். இவர்களையெல்லாம் சமாளித்துவிட்டோம். எங்களை அழவிட்டவர்கள் கதவுக்காரர்கள். அது அண்ணன் வைத்த பெயர்.

அந்தக் கிரகத்தில் வெளியே சுவாசிக்கக் காற்று கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அவரவர் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். நாங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஆயிற்றே, போனதும் தட்டினோம். கூப்பிட்டோம். கப்பலில் இருந்த சாமானையெல்லாம் வாசலில் கொடுத்துப் பார்த்தோம். அசையவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் கதவை உடைக்கச் சொன்னான் அண்ணன், நானும் டைப் அடித்தேன். உள்ளே இருந்தவர்கள் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். காற்று முழுக்க வெளியே போய், உள்ளே ஒருவரும் பிழைக்கவில்லை. வீடு காலி என்று ஒரே ஒரு வரி வந்தது. அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை.

பிறகு ஒருநாள் எரிபொருள் தீர்ந்துபோய் அதே கிரகத்தில் மாட்டிக்கொண்டோம். போவதற்கு வழியில்லை. கதவுக்காரர்களைத் தொந்தரவு செய்யாமல், வாசலில் நின்றபடி எங்கள் கப்பலிடமே நிலவரம் கேட்டோம். எரிபொருள் ஒன்றுமில்லை என்று கப்பல் சொன்னது. அப்போது கதவு தானாகத் திறந்தது. திரையில் வந்த வரியை அண்ணன் அகராதியைப் புரட்டிப் புரட்டித் தமிழாக்கினான். சீக்கிரம் உள்ளே வா, காற்று போகிறது.

அப்புறம்தான் அவர்கள் நியாயம் புரிந்தது. கதவைத் திறந்தால் அவர்கள் காற்று குறையும். வேறு எங்காவது போக வசதி உள்ளவனுக்காக அவர்கள் ஏன் திறக்க வேண்டும்? போக்கிடம் இல்லாதவனுக்கு மட்டும்தான் திறப்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் எந்தக் கதவைத் திறந்தாலும் அண்ணன் அந்த வரியைச் சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்குவான்.

நாங்களோ நேற்றிலிருந்து அண்ணன் கதவின் முன்னால் நின்று, எங்களிடம் எல்லாம் இருக்கிறது என்றே கத்திக்கொண்டிருந்தோம்.

அம்மாவைச் சமையலறைக்கு அனுப்பினேன். எதிர் வீட்டம்மாவையும் போகச் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே. அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கொடியிலிருந்து எடுத்துப் போட்ட துணிகள் கூடத்து மூலையில் மூட்டையாக அப்படியே கிடந்தன. அந்த மூட்டையை இழுத்துக்கொண்டு போய், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துதான் செய்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆசாரி வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

"கப்பல் நிலவரம்" என்றேன், எதிர்ச் சுவரைப் பார்த்து.  "கப்பல் ஐயப்பன்தாங்கல்ல நிக்குது. அம்மாவுக்குக் கால் வீங்கிகினு கீது. மாமா கதவ அறுக்க ஆள இட்டுகினு வரப் போய்கீறாரு. நான் துணி மடிச்சிகினு கீறேன்."

பக்கத்திலிருக்கும் டெப்போவில் பஸ் ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. துணிகளுக்கு நடுவில் அண்ணியின் பூப்போட்ட நைட்டி வந்தது. அண்ணி ஆவதற்கு முன்பே அவள் எனக்குச் சினேகிதி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவள் போனதிலிருந்து நான் அழவே இல்லை. வண்டிக்குச் சொல்ல, ஐயருக்குச் சொல்ல, வந்தவர்களுக்குக் காபி கொடுக்க என்று ஓடிக்கொண்டிருந்ததில் அழ ஒழியவில்லை. கெட்டிக்காரி, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள் என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். அவர்களைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது.

கதவின் மறுபக்கம் ஏதோ உரசியது. பிறகு, நேற்றிலிருந்து பேசாத தொண்டையிலிருந்து வரும் குரல்.

"ஃப்யூலு எவ்ளோ கீது?"

"கீதுண்ணா, நீ வா, பாத்துக்கலாம்" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். நைட்டியை முகத்தில் அழுத்திக்கொண்டேன்.

"ஒண்ணியும் இல்லண்ணா. சுத்தமா காலி. அவ இல்லாம நான் இனிமே யாராண்ட பேசுவேன்? நீயும் போய்ட்டீன்னா எனக்குப் போறதுக்கு எடமே இல்லண்ணா."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது, அசிங்கமாக, சத்தம் போட்டு. சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்து, என்னைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

உள்ளே தூரத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது. பால்கனிக் கதவு. தாழ் விழுந்தது. காலைத் தேய்த்து நடந்து வரும் சத்தம். பிறகு என் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகை விலகியதில், நான் நைட்டியோடு மல்லாந்து அவன் காலடியில் விழுந்தேன். தாடியும் வறண்ட உதடுமாகக் குனிந்து என் கையைப் பிடித்தான்.

"சீக்கிரம் உள்ள வா," என்றான். "காத்து போவுது."